எந்த ராஜ்யத்து டாக்டர்?

பள்ளிப்பட்டில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு டாக்டர் சடகோபனும் டாக்டர் வைதேஹியும் திருவள்ளூருக்கு வந்து சேர்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். விடிந்தால் கோர்ட்டில் சடகோபன் சாட்சி சொல்ல வேண்டும். இப்போது விடிந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. வைதேஹி குண்டூரில் படித்தவள். அவள் பெயர் ஹைதராபாத்தில் இருக்கும் ஆந்திர மெடிக்கல் கவுன்சிலில் பதிவாகியிருக்கிறது. சடகோபன் சென்னையில் படித்தவன். அவன் பெயர் சென்னைக் கவுன்சிலில். கல்யாணமான கையோடு இருவரும் பள்ளிப்பட்டில் கிளினிக் திறந்தபோது அந்த ஊர் ஆந்திராவில் இருந்தது. ஆகவே சர்ட்டிபிகேட் என்றால் வைதேஹியின் கையெழுத்துதான் செல்லும். அவன் பார்த்த நோயாளிகளுக்கும் அவளே கையெழுத்துப் போட்டாள்.

அறுபதாம் வருஷம் ஏப்ரலில் திருத்தணியோடு பள்ளிப்பட்டும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, எல்லைதான் நகர்ந்துபோயிற்று. அன்றிலிருந்து காரியம் தலைகீழ். அவள் பார்த்த நோயாளிகளுக்கு அவன் கையெழுத்துப் போட ஆரம்பித்தான். எல்லைக்கு அப்பால் நகரி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் இன்னும் அவள். மேஜைமேல் இரண்டு ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். வந்தவன் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுக் கம்பவுண்டர் ஆசீர்வாதம் அதற்கேற்ற ஸ்டாம்பை எடுத்து நீட்டுவார். இரண்டு பேரும் இரண்டு ராஜ்யத்திலும் பதிந்துகொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பதியவேண்டும் என்று பேசிக்கொண்டே நாலு வருஷம் ஓடிவிட்டது.

முத்தம்மாள் கை உடைந்து வந்த அன்று சடகோபன் ஊரில் இல்லை. ரைஸ் மில் சடையப்பனுக்கு நெல் காயப்போடக் களம் போதவில்லை. மில்லுக்குப் பின்னால் இருந்த முத்தம்மாளின் குடிசையைக் காலி பண்ணச் சொன்னான். அவள் மறுத்தாள். இரும்புக் கம்பியால் அடித்தான். கவர்ன்மெண்ட் டிஸ்பென்சரி டாக்டர் லீவில் இருந்ததால் போலீஸ்காரர் அவளை இங்கே கூட்டி வந்தார். கையை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டவள் வைதேஹி. இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பிய சடகோபன், தானே பார்த்ததாக எழுதி, அடிபட்ட தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தான். அது எப்போதும் நடக்கிற விஷயம். இந்தத் தடவை அது கோர்ட்டுக்கு வந்துவிட்டது. திருத்தணியில் மாஜிஸ்டிரேட் மாற்றலாகிப் போயிருந்ததால் வழக்கு திருவள்ளூருக்கு வந்திருந்தது.

அன்று அமாவாசை. திருவள்ளூரில் அமாவாசை என்றால் கேட்க வேண்டாம். விடிவதற்கு முன்பே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கி, குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் துணியோடு கோயில் வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்கும். வைதேஹியின் மாமனார் கிருஷ்ணஸ்வாமி பட்டாச்சாரியார் அந்தக் கோயிலில் கைங்கரியம் செய்பவர். அமாவாசையன்று மத்தியானம்வரை அவரை வீட்டுப் பக்கம் பார்க்க முடியாது.

ஆனால் அன்று காலை ஏழரை மணிக்கே வந்து நின்றார்.

மாமியார் அம்புஜவல்லி பதறிப்போய் என்ன என்று கேட்டாள். அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். காபி குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"நேத்திக்கு சாயங்காலம் கோவிலுக்கு ஒருத்தன் வந்தான். வக்கீல் குமாஸ்தாவாம். திருவல்லிக்கேணியிலே என் தம்பி பொண்ணு கல்யாணம் என்னிக்கு நடந்ததுன்னு கேட்டான். சொன்னேன். உங்க பிள்ளையாண்டான் வந்திருந்தாரான்னான். வந்தான், பந்தியிலே என் பக்கத்திலேதான் உக்காந்து சாப்பிட்டான்னேன். கார்த்தால சேவை நடக்கறச்சேதான் பொறி தட்டித்து. அவன் எதுக்கு அதைக் கேக்கணும்?"

சடகோபன் டம்ளரைக் கீழே வைத்தான். முத்தம்மாளின் கை உடைந்த தேதியும் அந்தக் கல்யாணத் தேதியும் ஒன்று.

சடையப்பனின் வக்கீல் ராஜமாணிக்கம் எதைக் கையில் வைத்துக்கொண்டு வரப் போகிறார் என்பது வைதேஹிக்குத் தெரிந்துவிட்டது. நான் பார்த்தேன் என்று சடகோபன் கூண்டில் சொன்னால், அடுத்த நிமிஷம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார். பொய்ச் சாட்சி என்று ஆகும். அதோடு கவுன்சிலில் அவன் பெயரையும் அடித்துவிடலாம்.

பட்டாச்சாரியார் அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தார். ஜுரம் என்று படுத்துவிடட்டும். கோர்ட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம். எதிர்த்தரப்பு ராஜிக்குத் தயாராக இருப்பதாக அந்தக் குமாஸ்தாவே சொன்னானாம். அவளுக்கு ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

சடகோபன் அந்த யோசனையை எடைபோட்டுப் பார்க்கிறான் என்பது வைதேஹிக்குத் தெரிந்தது. அவன் எதையாவது யோசித்தால் கட்டைவிரலால் மோதிரத்தைச் சுற்றுவான். இப்போது சுற்றிக்கொண்டிருந்தான்.

எலும்பு முறிந்தது என்று டாக்டர் சொன்னால்தான் அது கொடுங்காயம். டாக்டர் வராவிட்டால் சாதாரண அடி, சின்ன அபராதம். சடையப்பன் கட்டிவிட்டுப் போய் அன்றைக்கே குடிசையைப் பிரிப்பான். வைதேஹி இதை மாமனாரிடம் சொல்லவில்லை. கணவனிடம் மட்டும், நீங்கள் போகாவிட்டால் நான் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்றாள்.

"நீ போய் என்ன சொல்லுவே? நீ இந்த ராஜ்யத்து டாக்டரே இல்லையே, வைதேஹி."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிற விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கிளினிக் திறந்த புதிதில் மூன்று வருஷம் அவன் அந்த ராஜ்யத்து டாக்டராக இல்லை. அப்போது ஒரு நாளும் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சடகோபனும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பட்டாச்சாரியார் இருவரையும் பார்த்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினார்.

கோர்ட் வராந்தாவில் முத்தம்மாள் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மாவுக்கட்டுப் பிரித்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் இடது கையை இன்னும் மடியிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. டாக்டர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

சடகோபன் போலீஸ் தரப்பு வக்கீலைத் தேடிப் போனான். வைதேஹி அவள் பக்கத்திலேயே நின்றாள். சொல்லாமல் விட்டுவிடலாம். உள்ளே போனால் தானே தெரிந்துவிடும். ஆனால் கோர்ட்டில் எதிரி வக்கீல் வாய்வழியாக அவளுக்கு அது தெரியக் கூடாது என்று வைதேஹிக்குத் தோன்றியது. ஆகவே சொன்னாள். தான் படித்தது ஆந்திராவில், இங்கே தனக்குப் பதிவு இல்லை, அதனால்தான் அவர் கையெழுத்து, அந்தச் சர்ட்டிபிகேட் இன்று செல்லாமல் போகலாம் என்று எல்லாவற்றையும் எளிதாக விளக்கினாள்.

முத்தம்மாள் கேட்டு முடித்துவிட்டு வைதேஹியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்ற நீ? கையி முறிஞ்சது முறிஞ்சதுதானே. அதுக்கு இன்னா ஆந்திரா, மெட்ராஸு?"

"கோர்ட்டுக்கு அது வேணும், முத்தம்மா."

"வேணும்னு உனுக்குத் தெரியுமில்ல? அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கைய புடிச்சிக்கினு திருத்தணி பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போயிருப்பேன். அந்த மில்லுக்காரன் ஆளுங்க காத்தாலேர்ந்து ராஜியாப் போ, ராஜியாப் போன்னு பேஜார் பண்றானுங்க. டாக்டரம்மா கீதுன்னு நம்பிக்கினு, முடியாதுன்ட்டேன்."

இத்தனை வருஷத்தில் கையெழுத்து மாற்றிப் போட்டது தங்கள் இருவருக்குள் இருக்கும் சின்னச் சௌகரியம் என்றே வைதேஹி நினைத்திருந்தாள். அதில் மூன்றாவது ஒருவர் இருக்கக்கூடும் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. முத்தம்மாள் மறுபடி தூணோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மேல் கேஸ் எடுத்துக்கொள்ளப்பட்டது. மாஜிஸ்டிரேட் வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். சடையப்பன் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாகக் கைகட்டி நின்றான். வைதேஹி பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சடகோபன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். இது உங்கள் கையெழுத்தா என்று போலீஸ் தரப்பு வக்கீல் கேட்டார். ஆம் என்றான். முத்தம்மாளின் இடது முன்கையில் எலும்பு முறிந்திருந்ததா என்றார். முறிந்திருந்தது, எங்கள் கிளினிக்கில்தான் கட்டுப் போடப்பட்டது என்றான். யார் பார்த்தது, யார் போட்டது என்று அவன் சொல்லவில்லை. அந்த வக்கீலும் கேட்கவில்லை.

ராஜமாணிக்கம் எழுந்தார். குரலை உயர்த்திப் பேசும் வக்கீல் இல்லை அவர். மெதுவாகத்தான் கேட்டார். டாக்டருக்கு எத்தனை வருஷ அனுபவம், பள்ளிப்பட்டிலிருந்து சென்னைக்கு எத்தனை பஸ், உறவினர்கள் திருவல்லிக்கேணியில் இருக்கிறார்களா என்று சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அந்தத் தேதியைச் சொல்லி, அன்று பகல் சாப்பாடு எங்கே சாப்பிட்டீர்கள் என்றார்.

சடகோபனின் கட்டைவிரல் மோதிரத்தைத் தேடிப் போனதை வைதேஹி பார்த்தாள். சாயங்கால பஸ்ஸுக்கு ஊர் திரும்பிவிட்டேன் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். அப்படிச் சொல்ல இடமிருந்தது. பஸ்ஸும் இருந்தது.

"திருவல்லிக்கேணியில் சாப்பிட்டேன்" என்றான் சடகோபன்.

"அப்படியானால் முத்தம்மாளை யார் பார்த்தது?"

"என் மனைவி. டாக்டர் வைதேஹி."

அவன் பிறரிடம் அவளை டாக்டர் என்று சொல்லிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. வீட்டுக்காரி என்பான், எங்காத்திலே என்பான். அந்த இடத்தில் போய் இது மனத்தில் பட்டதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ராஜமாணிக்கம் அதற்கு மேல் அவசரப்படவில்லை. அந்த அம்மாளுக்கு இந்த ராஜ்யத்தில் பதிவு உண்டா என்றார். இல்லை, ஆந்திராவில் உண்டு என்றான். பதிவில்லாத ஒருவர் செய்த வைத்தியத்துக்கு நீங்கள் பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துக் கொடுத்தீர்கள், அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்றான் சடகோபன். மாஜிஸ்டிரேட் எழுதிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

அவன் இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பெஞ்சில் வந்து உட்காராமல் சுவரோரம் போய் நின்றான்.

போலீஸ் தரப்பு வக்கீல் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். பிறகு சுதாரித்துக்கொண்டு, அந்த டாக்டர் இங்கேயே இருக்கிறார், அவரை விசாரிக்க அனுமதி வேண்டும் என்றார். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவரை எப்படி விசாரிப்பது என்று ராஜமாணிக்கம் ஆட்சேபித்தார். சாட்சியம் எவ்வளவு பெறும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி மாஜிஸ்டிரேட் அனுமதித்தார்.

வைதேஹி கூண்டில் ஏறினாள். படித்த காலத்தில் வாய்மொழிப் பரீட்சைக்குப் போனதுபோல இருந்தது. சத்தியம் செய்ததும் பயம் விட்டுவிட்டது.

அன்று பார்த்ததைச் சொன்னாள். முன்கையின் இரண்டு எலும்பும் நடுவில் முறிந்திருந்தன. கை அந்த இடத்தில் வளைந்து தொங்கியது. தொட்டபோது எலும்பு முனைகள் உரசுவது விரலுக்குத் தெரிந்தது. கீழே விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டுப் பக்கம்தான் பெரும்பாலும் முறியும். இது ஓங்கி வந்த அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவருக்கு வரும் முறிவு. அடிபட்ட இடத்தில் கம்பி அகலத்துக்குத் தோல் கன்றியிருந்தது. முதலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, வீக்கம் வற்றியபின் மாவுக்கட்டுப் போட்டாள்.

மாஜிஸ்டிரேட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"இந்த ராஜ்யத்தில் சர்ட்டிபிகேட் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது தெரியுமா, அம்மா?" என்றார் ராஜமாணிக்கம்.

"தெரியும். அதனால்தான் நான் கையெழுத்துப் போடவில்லை."

"உங்கள் கணவர் போட்டார். இது முதல் தடவையா?"

"இல்லை."

"எவ்வளவு நாளாக?"

"பள்ளிப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்ததிலிருந்து."

ராஜமாணிக்கம் உட்கார்ந்துவிடலாம். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்ததைப் பார்த்து அவருக்கே இன்னும் கொஞ்சம் ஆசை வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் சேர்வதற்கு முன்னால், ஊர் ஆந்திராவில் இருந்தபோது என்ன ஏற்பாடு என்று கேட்டார்.

சுவரோரம் நின்ற சடகோபன் லேசாகத் தலையை அசைத்தான். வேண்டாம் என்று அர்த்தம். நினைவில்லை என்று ஒரு வார்த்தை போதும். அது வேறு ராஜ்யம், வேறு காலம், இந்தக் கேஸுக்குச் சம்பந்தமில்லை. அவள் பெயராவது ஹைதராபாத்தில் கறையில்லாமல் இருக்கும்.

வைதேஹி மாஜிஸ்டிரேட் பக்கம் திரும்பிச் சொன்னாள். "அப்போது அவருக்கு அங்கே பதிவு இல்லை. அவர் பார்த்தவர்களுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்."

அதோடு முடிந்தது. போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்து, மத்திய சர்க்கார் சட்டம் ஒன்று இருக்கிறது, அகில இந்தியப் பதிவேட்டில் பெயர் இருந்தால் எந்த ராஜ்யத்திலும் வைத்தியம் பார்க்கலாம் என்று வாதாடினார். மாஜிஸ்டிரேட் பொறுமையாகக் கேட்டார். அதைத் தீர்மானிப்பது இந்தக் கோர்ட்டின் வேலை இல்லை என்றார். சர்ட்டிபிகேட்டைத் தள்ளுபடி செய்கிறேன். வைதேஹி கண்ணால் பார்த்ததாகச் சொன்னதை எவ்வளவு ஏற்பது என்று வாதங்களைக் கேட்டபின் முடிவு செய்கிறேன். இரு டாக்டர்களின் வாக்குமூலத்தின் நகல் இரண்டு கவுன்சில்களுக்கும் போகட்டும். இப்படிச் சொல்லி வழக்கை மூன்று வாரம் தள்ளிவைத்தார்.

படியிறங்கும்போது ராஜமாணிக்கம் அவர்களைத் தாண்டிப் போனார். நின்று, மரியாதையாகவே, கோர்ட் நகல் போய்ச் சேர நாளாகும், என் கட்சிக்காரர் இன்றைக்கே இரண்டு கவுன்சிலுக்கும் தந்தி கொடுக்கிறேன் என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் மாமியார் இலை போட்டு வைத்திருந்தாள். பட்டாச்சாரியார் இன்னும் கோயிலிலிருந்து வரவில்லை என்றாள். கோர்ட்டில் நடந்தது கோயில் தெருவரைக்கும் வந்துவிட்டது என்பது அவள் பரிமாறிய விதத்திலேயே தெரிந்தது. பிள்ளைக்கு மட்டும் இரண்டாம் தடவை ரசம் வேண்டுமா என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நாழியாகும்வரை காத்திருந்தார்கள். பட்டாச்சாரியார் வரவில்லை.

பள்ளிப்பட்டு பஸ்ஸில் அமாவாசைக் கூட்டம். திருத்தணி தாண்டித்தான் இருவருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. முன்னால் நாலு வரிசை தள்ளி முத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஏறும்போது பார்த்தாள், பேசவில்லை.

சடகோபன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான். தன்னுடைய தப்பைத் தான் ஒப்புக்கொண்டது சரி, அவள் ஏன் தன்னுடையதையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்று கேட்டான். கேட்டார், சொன்னேன் என்றாள் அவள்.

பிறகு அவளும் ஒன்று கேட்டாள். இந்த நாலு வருஷத்தில் எத்தனையோ தடவை, சென்னைக்குப் போய்ப் பதிந்துவிட்டு வரலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை மழை, ஒரு தடவை அம்மை சீசன், ஒரு தடவை ஹைதராபாத்திலிருந்து பதில் வரட்டும் என்று அவன் ஏதாவது ஒன்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். ஏன்?

பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது.

"ஆந்திராவிலே இருந்த மூணு வருஷம் ஊரே என்னை டாக்டரம்மா ஆத்துக்காரர்னுதான் கூப்பிட்டது. உனக்குத் தெரியும். மருந்து நான் குடுத்தாலும் கையெழுத்துக்கு உன்கிட்ட வந்து நிப்பா. நான் ஒண்ணும் சொன்னதில்லே. ஆனா எல்லை மாறினப்போ எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது, வைதேஹி. அது கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இதைச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்து அவன் இரண்டாம் தடவையாக உண்மை பேசுகிறான். முதல் தடவை வந்த நிம்மதி இந்தத் தடவை வரவில்லை. அந்த நாலு வருஷத்தில் தன் கைப்பட்ட பிரசவங்களையும், கட்டிய கைகால்களையும், அவற்றின் கீழே இருந்த அவன் பெயரையும் நினைத்துப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வெறும் அலுப்பு.

பள்ளிப்பட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. முத்தம்மாள் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். அவள் பஸ்ஸுக்குப் பின்பக்கமாக வந்து வைதேஹி எதிரில் நின்றாள்.

"காத்தால கோவத்துல பேசிட்டேன். நீ அங்க ஏறி சொல்ல சொல்லோ அந்த மில்லுக்காரன் மூஞ்ச பாத்தேன். அது போதும்னு சொல்ல மாட்டேன், எனுக்கு ஊடு வேணும். கேஸு நிக்குமா?"

"தெரியாது, முத்தம்மா. மூணு வாரம் பொறுக்கணும். அதுவரைக்கும் ராஜிக்குப் போகாதே."

"போவ மாட்டேன். கையி மடக்க சொல்லோ இன்னும் குத்துது. நாளைக்கு வந்தா பாப்பியா?"

வைதேஹி கணவனைப் பார்க்காமல் பதில் சொன்னாள். இனிமேல் இந்த ஊரில் தான் யாரையும் பார்ப்பதற்கில்லை என்றாள். எல்லைக் கல்லைத் தாண்டி ஆந்திரப் பக்கம் அரை மைலில், ரோட்டோரம் ஒரு ஓட்டுவீடு காலியாக இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு வருஷமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஹைதராபாத்தில் தன் பெயரை அடிக்கிறவரை அந்தப் பக்கத்தில் தான் டாக்டர்தான். நாளை மறுநாளிலிருந்து அங்கே உட்காரப் போகிறாள். நாளைக்குச் சென்னைக்குப் போய்க் கவுன்சிலில் நேரில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

முத்தம்மாள் தூரத்தை யோசித்தாள். வாரச் சந்தைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சடகோபனுக்கே இதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. கிளினிக் கதவைத் திறந்ததும் வைதேஹி விளக்கைப் போட்டுவிட்டு நேராகக் கண்ணாடி பீரோவுக்குப் போனாள். பிரசவத்துக்கு வேண்டிய கருவிகளைத் துணியில் சுற்றி வைக்க ஆரம்பித்தாள். எது அங்கே போக வேண்டும், எது இங்கே இருக்க வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. ஊசிகளில் பாதி, பஞ்சு, டிங்சர், ரப்பர் விரிப்பு. கை தானாக வேலை செய்தது.

"நான் அங்கே வந்தா கம்பவுண்டராத்தான் இருக்க முடியும்" என்றான் சடகோபன், வாசற்படியில் நின்றுகொண்டு.

சிரிப்பதற்காகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது, கவுன்சில் கூப்பிடுகிறவரை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நீங்கள்தான் என்றாள். பார்த்தவர்களுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொன்னாள்.

அவன் தலையசைத்தான். சற்றுப் பொறுத்து உள்ளே வந்து, அவள் சுற்றி வைத்த மூட்டையைக் கயிற்றால் கட்டினான்.

"அங்கே போனாலும் தினம் ராத்திரிக்கு ஆத்துக்கு வந்துடுவியோன்னோ?"

"பிரசவ கேஸ் எப்போ முடியும்னு யாரால சொல்ல முடியும்?" என்றாள் வைதேஹி.

அவன் கேட்டது பிரசவ கேஸைப் பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.